வராத குழந்தைகளை யார் எண்ணுவது?

இந்தியக் குழந்தை அறுவை மருத்துவ இதழ்களைப் புரட்டுவோர் ஒரே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் காண்பர். இன்ன மருத்துவமனையில், இத்தனை ஆண்டுகளில், இத்தனை குழந்தைகளுக்கு இன்ன அறுவை செய்யப்பட்டது. இத்தனை பேர் பிழைத்தனர். அந்த வாக்கியத்தில் பொய் ஏதுமில்லை. ஆனால் இரண்டு கூட்டத்தார் அதில் விடுபட்டுப் போகின்றனர். மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்த குழந்தைகள் முதற்கூட்டம். அறுவை முடிந்து வீடு திரும்பியபின் மறுபடி வராமற்போன குழந்தைகள் இரண்டாம் கூட்டம். இவ்விரு கூட்டத்தையும் எண்ணாத ஆய்வு அறுவை மேசையின் மேல் நடந்ததை மட்டுமே அறியும். குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது.

முதற்கூட்டத்திலிருந்து தொடங்கலாம். 2021இல் தி லான்செட் இதழ் ஒரு பன்னாட்டு ஆய்வை வெளியிட்டது. 74 நாடுகள், 264 மருத்துவமனைகள், உணவுப்பாதை சார்ந்த பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த 3,849 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். உயர் வருவாய் நாடுகளில் அக்குழந்தைகளுள் 5.6 விழுக்காட்டினர் இறந்தனர். நடுத்தர வருவாய் நாடுகளில் 20.4, தாழ் வருவாய் நாடுகளில் 39.8. குடல் வயிற்றுச் சுவருக்கு வெளியே சரிந்த நிலையில் பிறக்கும் கேஸ்ட்ரோஸ்கைசிஸ் குறைபாட்டில் இவ்வேறுபாடு இன்னும் கொடியது: முறையே 1.4, 31.9, 90 விழுக்காடு. இந்த எண்கள் பல கருத்தரங்க மேடைகளில் காட்டப்பட்டுவிட்டன. காட்டுவோர் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். இவை மருத்துவமனையை எட்டிய குழந்தைகளின் எண்கள். வழியில் இறந்த குழந்தையும், நோய் இன்னதென்று அறியப்படாமலே கிராமத்தில் புதைக்கப்பட்ட குழந்தையும் இவற்றுள் இல்லை. ஆகவே மெய்யான இடைவெளி இதைவிடப் பெரிதாகத்தான் இருக்க முடியும்.

எண்ணாமையின் விளைவு அளவுகோல்களிலும் தெரிகிறது. உணவுக்குழாய் துண்டுபட்டுப் பிறக்கும் குழந்தையின் பிழைப்பு வாய்ப்பைக் கணிக்க 1962இல் லண்டனில் வாட்டர்ஸ்டன் ஒரு வகைப்பாட்டை வகுத்தார். பிறப்பு எடை, நிமோனியா, பிற குறைபாடுகள் ஆகியவை அதன் அடிப்படை. 1994இல் அதே நகரில் ஸ்பிட்ஸும் அவர்தம் குழுவினரும் அதைச் சுருக்கினர்: பிறப்பு எடை 1,500 கிராமுக்குக் குறைவா, பெரிய இதயக் குறைபாடு உண்டா என்ற இரு வினாக்களே போதும் என்றனர். அங்கே அது சரி. நோய் உடனே கண்டறியப்பட்டு, குழந்தை நல்ல நிலையில் வந்து சேர்கிற ஊரில் நிமோனியா ஒரு தனி வினாவாக நிற்பதில்லை. இந்தியாவிலோ அக்குழந்தைக்கு இரண்டு நாள் பால் புகட்டப்பட்டு, அது நுரையீரலில் இறங்கி, உடல் குளிர்ந்து, தொற்றுடன், மூன்றாவது மருத்துவமனையாகத்தான் அறுவைப் பிரிவை அடைவது அரிதன்று. இதை இந்திய அறுவை மருத்துவர்களே பலமுறை எழுதியுள்ளனர். இருந்தும் குழந்தை பிறந்த மணி, நோய் ஐயுறப்பட்ட மணி, கடந்த தொலைவு, தட்டிய கதவுகள் ஆகியவை கட்டுரையின் முன்னுரையில் வருத்தத்துடன் குறிப்பிடப்படுகின்றனவேயன்றி, அட்டவணையில் மாறிகளாக இடம்பெறுவது அரிது. இலண்டனில் தேவைப்படாத வினா இங்கும் தேவையற்றது என்று யார் முடிவு செய்தது?

இரண்டாம் கூட்டத்தின் கதை இன்னும் சங்கடமானது. ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். குறைபாடு கடுமையானதாயின் பொதுவாக மூன்று கட்டங்களில் அறுவை நடைபெறும்: முதலில் வயிற்றில் மலத்துளை, பிறகு ஆசனவாய் அமைக்கும் அறுவை, இறுதியில் மலத்துளையை மூடுதல். இவையனைத்தும் முடிந்தபின்னும் தலையாய வினாவுக்கு விடை கிடைத்திருக்காது. இக்குழந்தை மலத்தை அடக்கக் கற்குமா? உள்ளாடை கறைபடாமல் பள்ளியில் உட்காருமா? 2005இல் ஜெர்மனியின் கிரிக்கன்பெக்கில் கூடிய வல்லுநர்கள் வகுத்த முறைப்படி, குழந்தைக்கு மூன்று வயது கடந்த பிறகே அதை மதிப்பிட வேண்டும். இந்தியாவில் எம்.சிஎச். பட்டப்படிப்பின் காலமோ மூன்று ஆண்டுகள். அதிலும் ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழு ஒப்புதல், எழுத்து வேலை போக எஞ்சுவது ஏறத்தாழ பாதி. அதாவது, பிறந்த குழந்தையைச் சேர்த்துக்கொண்டு தொடங்கும் எந்த ஆய்வேடும் இந்த வினாவுக்கு விடை சொல்லவே முடியாதபடிதான் பட்டப்படிப்பு கட்டமைக்கப்பட்டுள்ளது. விடை சொல்லக்கூடிய வினாக்கள் எவை? காயம் ஆறியதா, தையல் பிரிந்ததா, எத்தனை நாளில் வீடு திரும்பியது. எனவே அவையே கேட்கப்படுகின்றன. குழந்தையின் வாழ்வுக்கு எது முக்கியம் என்பதைத் தேர்வு நாளேடு தீர்மானிக்கிறது.

இதே கிரிக்கன்பெக் வகைப்பாட்டில் இந்தியாவுக்கு ஒரு பெருமை உண்டு. பெருங்குடல் பைபோல் விரிந்து பிறக்கும் அரிய வகை வட இந்தியாவில்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. இந்திய மருத்துவர்கள் அதைக் கூர்ந்து நோக்கி, வகைப்படுத்தி, எழுதியதாலேயே அது உலக வகைப்பாட்டில் வட்டார வகைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆகவே நோக்கும் திறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. வகைப்படுத்துவது வரையில் உலகத் தரம். அந்தக் குழந்தை பத்து வயதில் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மௌனம். நோக்கு எங்கே நின்றுபோகிறது என்பதே வினா.

அது நின்றுபோகும் இடத்துக்கு ஒரு பெயர் உண்டு: லாஸ்ட் டு ஃபாலோ-அப். ஒரு கற்பனைக் கணக்கு அச்சொல்லின் ஆபத்தை விளக்கும். 60 குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. 40 பேர் மறுபரிசோதனைக்கு வந்தனர். அவர்களுள் 34 பேர் நலம். கட்டுரை 85 விழுக்காடு வெற்றி என்று எழுதும். வராத 20 பேரும் நலமாயின் வெற்றி 90 விழுக்காடு. அவர்களுள் ஒருவரும் நலமில்லையெனில் வெற்றி 57 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். 90க்கும் 57க்கும் இடையே எங்கோ உண்மை இருக்கிறது. 85 என்பது அந்த இருளில் கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளி. மேலும், வராதவர்கள் சீட்டுக் குலுக்கலில் விடுபட்டவர்கள் அல்லர். தொலைவு, கூலி இழப்பு, இன்னொரு பிள்ளைப்பேறு, பிறந்தது பெண் என்பது ஆகியவை யாரை வரவிடாமல் செய்யுமோ, அவர்களே வராதவர்கள். அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடும் விழுக்காடு, வசதியுள்ள குழந்தைகளின் விழுக்காடு.

இங்கே வழக்கமான மறுமொழி ஒன்று வரும்: பெற்றோரின் அறியாமை. ஆய்வேடுகளின் முடிவுரையில் இச்சொற்றொடர் மேற்கோள் தேவையற்ற உண்மையைப்போல் எழுதப்படுகிறது. அதைச் சோதிக்கப் பிலியரி அட்ரீசியா என்னும் நோய் போதும். பித்தக் குழாய்கள் அடைபட்டு ஈரல் சிதையும் இந்நோய்க்கு ஜப்பானின் மோரியோ கசாய் வகுத்த அறுவை 1959இல் வெளியானது. ஏறத்தாழ 60 நாளுக்குள் செய்தால் பயன் கூடுதல். நாள் செல்லச் செல்ல ஈரல் கைவிட்டுப் போகும். நோயின் அறிகுறி வெளிறிய மலம். அதைக் காண்பவர் தாய். ஆனால் எந்த நிறம் ஆபத்தானது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை தானே சரியாகும், வெயிலில் காட்டு என்று அவளை அனுப்பிவைத்தவர்களுள் மருத்துவம் அறிந்தவர்களும் உண்டு. தைவான் 2004இல் மல நிற அட்டையை நாடு முழுவதும் தாய்மார் கையில் கொடுத்தது. உரிய காலத்தில் அறுவை பெறும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. ஜப்பான் 2012இல் தாய்சேய் நலக் கையேட்டிலேயே அதைச் சேர்த்தது. தைவானின் தாய்மார் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிடவில்லை. அவர்களிடம் ஓர் அட்டை இருந்தது. அறியாமை என்று எழுதிவிட்டு எதையும் அளக்காத ஆய்வேட்டின் அறியாமையை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு சான்று. 1993 முதல் 1995 வரை இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்நோயுடன் கண்டறியப்பட்ட குழந்தைகள் அனைவரையும் கணக்கெடுத்தனர். மொத்தம் 93 பேர். ஒரு மருத்துவமனையின் பதிவேடு அன்று. ஒரு நிலப்பரப்பின் பதிவேடு. ஆண்டுக்கு ஐந்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கண்ட மையங்களில் விளைவு மேலானது என்பது அந்த 93 பேரிலேயே புலப்பட்டது. 1999இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அறுவை மூன்று மையங்களுக்குள் குவிக்கப்பட்டது. பெரிய எண்ணிக்கை அன்று, முழுமையான எண்ணிக்கையே அரசைத் திருப்பியது. நோயாளிகளின் பெருக்கத்தைத் தன் ஆய்வு வலிமையாகக் கருதும் இந்தியத் துறைகள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

இந்தியாவில் எண்ணுவதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே நிற்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்படி, பிறந்த இடத்தில் குழந்தை பரிசோதிக்கப்பட வேண்டும். ஆறு வாரம் வரை ஆஷா பணியாளர் வீட்டில் பார்க்க வேண்டும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நடமாடும் குழு செல்ல வேண்டும். அதன் வழிகாட்டு நெறிகள் 30 நிலைகளைப் பட்டியலிட்டன. அவற்றுள் பிறவிக் குறைபாடுகள் சார்ந்தவை ஒன்பது: பிளவுபட்ட உதடு, வளைபாதம், இதயக் குறைபாடு, பிறவிக் கண்புரை முதலியன. ஆசனவாய் இல்லாமை அந்த ஒன்பதில் இல்லை. உணவுக்குழாய்க் குறைபாடும் இல்லை, பிலியரி அட்ரீசியாவும் இல்லை. ஆசனவாய் இல்லாததைக் கண்டறியக் கருவி வேண்டாம். குழந்தையைத் திருப்பிப் பார்க்கும் கண் போதும். பட்டியலில் இடம் கேட்பவர் சுமையின் அளவைக் காட்ட வேண்டும். அளவைக் காட்ட வேண்டிய துறை, தன் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

வளம் இல்லை என்பது அடுத்த மறுமொழி. இதில் பாதி உண்மை உண்டு. இரவெல்லாம் அறுவை செய்த மருத்துவரிடம் காலையில் தொலைபேசியில் நோயாளிகளைத் தேடு என்பது அநீதி. ஆனால் அதே மருத்துவரிடம் பதவி உயர்வுக்காகக் கட்டுரை கேட்கப்படுகிறது; அவரும் எழுதுகிறார். உழைப்பு ஏற்கெனவே செலவாகிறது. அது எதற்குச் செலவாகிறது என்பதே வழக்கு. காப்பீட்டின் கதையும் இதுவே. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பியபின் 15 நாள் செலவை ஏற்கிறது. குடல்வால் அறுவைக்கு அது போதும். மலம் அடக்கப் பழக வேண்டிய குழந்தைக்குத் தேவை 15 நாள் அன்று, ஏறக்குறைய 15 ஆண்டு. அதை எந்த ஆய்வு அரசிடம் எடுத்துச் சொல்லியது?

குழந்தைகளை ஆய்வுக்கு உட்படுத்துவதே தவறு என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சத்துக்கு இந்நாட்டில் காரணம் உண்டு. ஒப்புதல் என்ற பெயரில் நடந்த முறைகேடுகள் நாடாளுமன்றக் குழு வரை சென்றுள்ளன. ஆனால் ஆய்வு இல்லாமையும் குழந்தையைக் காப்பதில்லை. 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே பச்சிளம் குழந்தைகள் பலருக்குப் போதிய மயக்க மருந்து இன்றி அறுவை நடந்தது. அவர்களுக்கு வலி தெரியாது, மருந்தே ஆபத்து என்ற நம்பிக்கை அதற்குப் போதுமானதாக இருந்தது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட சிறிய ஒப்பீட்டு ஆய்வு, ஃபென்டனில் பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவையின் தாக்கத்தை நன்றாகத் தாங்கினர் என்று காட்டியது. கேட்கப்படாத வினா பல்லாண்டுகள் குழந்தைகளைத் துன்புறுத்தியது. கேட்கப்பட்ட வினா அதை முடிவுக்குக் கொண்டுவர உதவியது.

செய்ய வேண்டியவை புதிர்கள் அல்ல. ஆய்வேடு மாணவருக்குச் சொந்தம், ஆனால் குழந்தைகளின் தொகுப்பு துறைக்குச் சொந்தம் என்று விதி எழுதலாம். ஒரு மாணவர் சேர்த்த குழந்தைகளை அடுத்த அணி தொடரும், மூன்றாம் அணி பள்ளி வயதில் மதிப்பிடும். வராதவர்களை நீக்கிய விழுக்காட்டோடு, அவர்களைத் தோல்வியாகக் கொண்ட விழுக்காட்டையும் அச்சிட வேண்டும் என்று இதழாசிரியர்கள் கட்டாயப்படுத்தலாம். பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் ஆய்வு நிதியின் வரவுசெலவில் சேர்க்கலாம். மறுபரிசோதனையை மாவட்ட இடையீட்டு மையத்துக்குக் கொண்டுசெல்லலாம். பிறந்த மணியும் வந்து சேர்ந்த மணியும் இல்லாத பச்சிளம் குழந்தை ஆய்வை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் புதிய கருவி தேவையில்லை.

அதுவரை, அடுத்த ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் அமரும் தேர்வாளர் ஒரே ஒரு வினாவையேனும் கேட்கட்டும். விழுக்காடு எத்தனை என்று கேட்க வேண்டாம். வராத குழந்தைகள் எத்தனை பேர், அவர்களைத் தேடி யார் போனார்கள் என்று கேட்கட்டும். விடை தெரியாமல் நிற்கப்போவது மாணவர் மட்டும் அல்லர்.