லயத்திலும் மேதை பிறப்பான்!



சுபாங் ஜெயாவில் இன்று தனியார் கல்லூரிகள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த மண் யாருடையது? சீபீல்டுத் தோட்டம்! நம்மவர் பால்வெட்டிய மண்ணில்தான் 1970-களில் அந்நகரம் எழும்பியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கெட்டிக்காரராய் இருந்தும் வாசலுக்கு வெளியே நிற்பதா?

"திறமையுள்ள பிள்ளை தானே முன்னுக்கு வரும்" என்று சிலர் உபதேசிக்கிறார்கள். அடடா, என்ன ஞானம்! மரத்தில் பால் இருந்தால் அது தானே மங்கில் வந்து விழுமா? வெட்ட ஆள் வேண்டாமா?

மீத்திறன் மாணவரைத் தேடி 2009-ல் 'பெர்மாத்தா பிந்தார்' திட்டம் தொடங்கியது. பாங்கி தேசியப் பல்கலைக்கழகத்தில் விடுமுறை முகாமும் கல்லூரியும் அமைந்தன. ஆனால் முதற்சோதனை இணையம் வழியே! வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, சோதனை உண்டென்றே கேள்விப்படாத பிள்ளை, எப்படி எழுதும்? தேடாமலே "இல்லை" என்பது என்ன நியாயம்?

ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும், பள்ளி நேரத்திலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் இச்சோதனை நடக்க வேண்டும். தேறிய தொழிலாளர் பிள்ளையின் முகாம் செலவை, தோட்டங்களை நகராக்கி லாபம் கண்ட கம்பெனிகள் ஏற்க வேண்டும்.

பெற்றோரே, பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்! கிளைத் தலைவர்களே, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்! நாம் கேட்பது பிச்சையன்று, வரவேண்டிய பாக்கி!

— ஒரு தோட்டக் கிராணி