ஏமாந்தவளை விடுங்க, ஏமாறப் பழக்கினது யார்?



நீளமான பதிவு. நோன்பு திறந்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் கமெண்ட்டில் ஏசுங்கள், இன்பொக்ஸுக்கு வராதீர்கள்.

போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா பாடசாலைக்கு வந்தார். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) இரண்டு மகள்மாருக்கும் பெருநாள் அபாயா. பேஸ்புக்கில் ஒரு பேஜ். ஒன்று 4,250 ரூபா, இரண்டு எடுத்தால் டெலிவரி இலவசம். தம்பியை அனுப்பி 8,500 ரூபாவை மெஷினில் போட்டு, ஸ்லிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப் செய்திருக்கிறார். நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நம்பரின் ப்ரொபைல் படம் மறைந்தது. புளொக்.

"டீச்சர், புள்ளட வாப்பாக்கு மட்டும் தெரிய வாணாம். வெளிநாட்டில வெயிலுக்க நின்டு அனுப்பின காசு" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கதை மகளிர் குரூப்புக்கு வந்துவிட்டது. "மூளை எங்க போன?" "வெளிநாட்டுக் காசென்டா அப்படித்தான்." சிரிக்கிற ஸ்மைலி பதினேழு. எண்ணினேன். நோன்போடு இருந்துகொண்டு போட்டவை.

சரி, நான் கேட்கிறேன். பொருளைக் காணாமல், கடை எங்கே என்று தெரியாமல், முழுக் காசையும் முன்கூட்டியே போட அந்த உம்மாவுக்கு யார் பழக்கினது? நாங்கள்தான். எங்கள் ஊரில் வீட்டிலிருந்து விற்கிற சகோதரிகளின் போஸ்ட்களைப் பாருங்கள். "ஃபுல் பேமெண்ட் போட்டு ஸ்லிப் அனுப்பினா மட்டும் ஓடர் கன்ஃபர்ம். நோ ரிட்டர்ன்." விலாசம் இல்லை, பில் இல்லை. இவர்களில் பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் கள்ளனும் இதே வசனத்தைத்தான் போடுகிறான். இரண்டுக்கும் ஒரே உடுப்பு என்றால் வாங்குகிறவர் எப்படிப் பிரித்தறிவார்?

இதைவிடப் பெரிய விசயம், பலரிடம் பொருளே கையில் இல்லை. வேறொரு பேஜின் படத்தை எடுத்துப் போட்டு, எங்கள் காசு வந்த பிறகுதான் ஹோல்சேலில் சொல்கிறார்கள். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்குச் சொன்னதை எத்தனை பயானில் கேட்டிருப்போம்? முன்காசு வாங்கும் 'ஸலம்' என்ற முறை மார்க்கத்தில் இருக்கிறதுதான். அதற்கும் பொருளின் தன்மை, அளவு, தவணை எல்லாம் தெளிவாக வேண்டும். நான் ஆலிமா இல்லை, மௌலவிமாரிடம் கேளுங்கள்.

"கேஷ் ஒன் டெலிவரி குடுத்தா பார்சல் திரும்பி வருது, ரெண்டு பக்கக் கூரியர் காசும் எங்கட தலையில" என்பீர்கள். உண்மை. மூன்று இடத்தில் ஓடர் போட்டு, வாசலில் ஒன்றை மட்டும் எடுக்கிற எங்கள் பெண்களும் பாவம்தான் செய்கிறார்கள். அதற்காகக் கூரியர் காசை மட்டும் முன்னுக்கு வாங்குங்கள். பொருளைக் கையில் பிடித்து, வாங்குகிறவரின் பெயரைச் சொல்லி ஒரு வீடியோ அனுப்புங்கள். பில் எழுதுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் சொல்கிறது. இவ்வளவும் செய்யாத பேஜில் வாங்க மாட்டோம் என்று நாங்கள் நின்றால், கள்ளனுக்கு ஒளிய இடமில்லை.

விற்கிற சகோதரிகளும் ஏமாறுகிறார்கள். ஸ்லிப் படத்தைப் போனிலேயே திருத்தலாம். ஸ்லிப்பைப் பார்த்துக் கேக் கட்டிக் கொடுக்காதீர்கள், கணக்கில் காசு ஏறியதா என்று பாருங்கள். "உங்களுக்குக் காசு போடத்தான், வந்த ஓ.டி.பி நம்பரைச் சொல்லுங்க" என்றால் போனை வையுங்கள். காசு வாங்க ஓ.டி.பி தேவையே இல்லை.

ஆம்பிளப் புள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கு ஒன்று. அந்த 8,500 போன கணக்கும் யாரோ ஒரு பொடியனுடையதாக இருக்கலாம். ஏ.எல் எழுதிவிட்டு நின்ற என் பழைய மாணவன் ஒருவன், மாதம் 10,000 தருவதாகச் சொன்ன ஒருவருக்குத் தன் ஏ.டி.எம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தான். பொலிஸ் வந்து நின்றது அவன் வீட்டு வாசலில். கார்டு வாங்கின ஆளை இன்னும் காணோம். பிள்ளையின் கார்டு பிள்ளையிடம்தான் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

ஏமாந்தால் "நஸீபு" என்று மூடி வைக்காதீர்கள். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸ். நுகர்வோர் அதிகாரசபை 1977, இலங்கை சேர்ட் 101. சாட், ஸ்லிப், பேஜின் லிங்க் எதையும் அழிக்க வேண்டாம்.

அந்த உம்மாவும் நானும் திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் பொலிஸுக்குப் போகிறோம். இதே மாதிரி "இரண்டு எடுத்தால் டெலிவரி இலவசம்" பேஜுக்குக் காசு போட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற இன்னும் சிலர் ஊரில் இருப்பது எனக்குத் தெரியும். ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். அதற்கு மட்டும் இன்பொக்ஸுக்கு வரலாம்.