காற்று இருக்கு, கடல் இருக்கு... வாங்க ஆள் இல்லை! கடல் காற்றாலை திட்டம் ஏன் நிற்கிறது?

கழுகுமலையிலிருந்து கயத்தாறு பக்கம் பைக்கில் போனால், பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். கரிசல்காட்டுக்கு இது பழகிப்போன காட்சி. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலை வந்துவிட்டது. தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் சோதனை மையம் கயத்தாறில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டுக்கும் மேல்.

அப்புறம் எதுக்குக் கடலுக்குள் போகணும்?

கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அது முடிந்தால் பல இறக்கைகள் சும்மாதான் நிற்கும். கடல் காற்று அதைவிடச் சீரானது. 1,000 மெகாவாட் கடல் காற்றாலை ஆண்டுக்கு சுமார் 372 கோடி யூனிட் தரும் என்பது மத்திய அரசின் கணக்கு. அதாவது முழுத் திறனில் 42 சதவீதம். கரையில் ஓடும் பழைய மெஷின்கள் இதில் பாதியைத் தொட்டாலே பெரிய விஷயம்.

டென்மார்க் 1991-லேயே கடலில் காற்றாலை நட்டுவிட்டது. இந்தியா 2015-ல் கொள்கை வெளியிட்டது. இன்றுவரை நம் கடலில் ஒரு காற்றாலைப் பண்ணைகூட இல்லை.

என்னதான் நடந்தது?

தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான கடல்பரப்பைக் குத்தகைக்கு விட, மத்திய அரசின் செகி நிறுவனம் 2024 பிப்ரவரியில் டெண்டர் விட்டது. போதிய வரவேற்பு இல்லை. 2025 ஆகஸ்ட்டில் அது ரத்தானது. குஜராத்துக்கான 500 மெகாவாட் டெண்டருக்கும் அதே கதி.

சிக்கல் காற்றில் இல்லை, பில்லில் இருக்கிறது. கடலடியில் ராட்சத இரும்புத் தூண் இறக்கணும். அதற்கான ஸ்பெஷல் கப்பல் வேணும். கரை வரை கேபிள் போடணும். உப்புக்காற்றில் பராமரிப்புச் செலவு வேறு. கரையில் யூனிட் மூன்று, நான்கு ரூபாய்க்குக் காற்றாலை மின்சாரம் கிடைக்கும்போது, இதை யார் வாங்குவார்? தமிழக டெண்டரில் வாங்குபவரை நிறுவனமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தென்மாவட்ட ஸ்பின்னிங் மில்கள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலையே இருக்கிறது. அவர்கள் கூடுதல் விலைக்கு ஏன் வரப்போகிறார்கள்?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட். இதில் 600 கோடி, இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த. ஆனால் ரத்தான அந்த 4,000 மெகாவாட்டுக்கு இந்த உதவி கிடையாது. மானியம் இருந்தும் குஜராத் டெண்டர் போணியாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

மீனவர்களுக்கு என்ன பதில்?

விலைப் பிரச்சினை தீர்ந்தாலும் இது பாக்கி இருக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. தூண்களுக்கு நடுவே வலை போடலாமா, கேபிள் போகும் பாதையில் இழுவைப் படகு போகலாமா என்பது கடற்கரை ஊர்களின் முதல் கேள்வி. கரிசல்காட்டில் காற்றாலை வந்தபோது, நிலத்துக்காரர் கையில் பட்டா இருந்தது. உட்கார்ந்து விலை பேச முடிந்தது. (கிடைத்தது நியாயமான விலையா என்பது வேறு கதை.) கடலுக்கு யார் பெயரிலும் பட்டா இல்லை. குத்தகைப் பணமும் அரசுக்குத்தான் போகும்.