பங்கில்லாத பங்காளிகள்

தமிழிற் ‘பங்காளி’ என்னுஞ் சொல்லுக்குத் தெளிவான பொருளுண்டு. சொத்திற் பங்கு கேட்கும் உரிமையுடையவனே பங்காளி. இன்று கொழும்பு வீதிகளில் உணவுப் பெட்டியை முதுகிற் சுமந்து மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞனையும் விநியோக நிறுவனங்கள் பங்காளர் என்றே அழைக்கின்றன. அவனுக்கு எதிலே பங்கு? இலாபத்திலா? தரகு வீதத்தைத் தீர்மானிப்பதிலா? ஓட்டத்துக்குரிய கூலியை நிர்ணயிப்பதிலா? இவை எதிலும் இல்லை. நட்டத்தில் மட்டுமே அவனுக்குப் பங்குண்டு. எனவே இது மரியாதை கருதி வழங்கிய பெயரன்று. தொழிலாளி என ஒப்புக்கொண்டால் வழங்கவேண்டியவற்றை வழங்காதிருப்பதற்குக் கண்ட சட்ட உபாயமேயாகும்.

இவ்விளைஞருட் சிலர் திம்புள்ளப் பெருந்தோட்டங்களிலிருந்து வந்தோர். தலவாக்கலை, லிந்துல, அக்கரப்பத்தனைப் பகுதி லயங்களிற் பிறந்தோர் கடைச் சிப்பந்திகளாகவும் உணவக ஊழியராகவும் தலைநகருக்கு இறங்குவது நெடுங்கால வழக்கம். 2018இல் ஊபர் ஈட்ஸ் இலங்கைக்கு வந்தது. உள்நாட்டு நிறுவனமான பிக்மீயும் உணவு விநியோகத்தில் இறங்கியது. கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் உள்ள எவரும் செய்யத்தக்க தொழிலாக இது விரிந்தது. மகன் நகரத்திலே உணவு சுமக்க, தாய் மலையிலே கொழுந்து பறிக்கிறாள். இவ்விரு தொழில்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மலையிலிருந்து இறங்கிய மகன் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்தும் இறங்கிவிட்டான்.

தாய்க்கு உள்ளவை எவை? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலும், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலும், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலும் பிறந்தன. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. அதற்குத் தொழில்கொள்வோர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துதல் வேண்டும். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியும், 1983இல் பணிக்கொடைச் சட்டமும் தொடர்ந்தன. இவற்றின் பின்னால் நீண்டதொரு போராட்டமும் இருக்கிறது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திலே பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னுந் தொழிலாளி பலியானார்.

இச்சட்டங்கள் தாயை வாழவைத்துவிட்டன என்று நாம் கூறவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கு 2021 வரையும், 1350 ரூபாவாவதற்கு 2024 வரையும் அவள் காத்திருக்க நேர்ந்தது. நிறுத்த கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ என்று கூலியைப் பாதியாக்கும் கொடுமையையும் அவள் அறிவாள். எனினும் முறையிட அவளுக்கொரு சட்டமும், வாதாட ஒரு சங்கமும் உள்ளன.

மகனுக்கு அரைப் பேருமில்லை. ஓடருக்காக வீதியோரத்திற் காத்துநிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. வண்டி, பெற்றோல், தேய்மானம், கைத்தொலைபேசி யாவும் அவன் செலவே. 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றரொன்று 2021 இறுதியில் 177 ரூபாவாக இருந்து 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாக உயர்ந்தது. அதனைப் பெறவும் நீண்ட வரிசைகளில் நிற்கவேண்டியிருந்தது. வரிசையில் நின்ற நேரத்துக்கு அவனுக்கு யார் கூலி கொடுப்பார்? மழையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தால், நிறுவனம் விரும்பின் காப்புறுதி அளிக்கலாம். விரும்பி அளிப்பது சலுகை; கேட்டுப் பெறுவதே உரிமை.

பழைய கங்காணி முறையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். முற்பணக் கடனோடு தொழிலாளி தோட்டத்துக்கு வந்தான். அவன் கடன் ‘துண்டு’ என்னுஞ் சீட்டிலே எழுதப்பட்டு அவனைத் தொடர்ந்தது. 1921இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய இளைஞன் தவணைக் கடனில் வண்டி வாங்கித் தொழிலுக்கு வருகிறான். முதல் ஓடர் வருமுன்னரே அவன் கடனாளி. ஒரு வேறுபாடுண்டு: அன்று கடன்கொடுத்தவனே வேலையும் கொடுத்தான்; இன்று வேலைகொடுப்போன் கடனைப் பற்றிக் கேட்பதேயில்லை.

கங்காணியின் கண்ணுக்குப் பதிலாகச் செயலி வந்துள்ளது. அளவுக்கேற்ற கூலி நிலவுமிடத்தில் அக்கூலியே மேற்பார்வையாளனின் வேலையைச் செய்துவிடும் என்பதனை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் விளக்கியுள்ளார். அக்கூற்றுக்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

“அவன் சுதந்திரமானவன், விரும்பிய நேரத்தில் வேலை செய்கிறான், துரைக்கு முன் கைகட்டி நிற்பதில்லை” என்பது எதிர்வாதம். இதன் இறுதிப் பகுதியை நாம் மறுக்கவில்லை. லயத்தை விட்டு வெளியேறுவது அவன் உரிமை. அவனை மீண்டும் மலைக்கு ஏறச்சொல்வது பிற்போக்கு. ஆனால் கூலியைப் பேசித் தீர்க்க முடியாதவனும், தவணைக்காகப் பகலிரவாய் ஓடவேண்டியவனும், காரணம் முழுதாய்க் கூறப்படாமலே தன் கணக்கு முடக்கப்படலாம் என அஞ்சுபவனும் எவ்வகையிற் சுதந்திரன்? நேரத்தைத் தெரிவுசெய்யும் உரிமை, பசியைத் தெரிவுசெய்யும் உரிமையாகச் சுருங்கிவிடுகிறது.

பிற நாடுகள் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளன. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021இல் ஊபர் சாரதிகளைத் தொழிலாளராக ஏற்றது. ஸ்பெயின் அதே ஆண்டில் உணவு விநியோகிப்போரை ஊழியராகக் கொள்ளுஞ் சட்டம் இயற்றியது. 2023இல் இராசத்தான் மாநிலம் இத்தகையோர்க்கெனத் தனிச் சட்டம் இயற்ற, தமிழ்நாடு நலவாரியம் அமைத்தது. மறுபுறம் 2023இல் அதே பிரித்தானிய நீதிமன்றம், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்ற ஒப்பந்த வாசகத்தைப் பெரிதெனக் கொண்டு, டெலிவரூ விநியோகத்தரின் கோரிக்கையை நிராகரித்தது. ஒப்பந்தத்தில் இடும் ஒரு வாசகம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே இவ்விடயத்தை ஒப்பந்தமெழுதுவோரிடம் விடலாகாது, சட்டமன்றமே தீர்க்கவேண்டும்.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, கூலியையும் வேலை நியதியையும் நிறுவனமே விதிக்குமிடத்து உழைப்பவன் தொழிலாளியே எனச் சட்டம் வரையறுத்தல் வேண்டும். இரண்டாவது, உணவு விநியோகத் தொழிலுக்கெனச் சம்பளச் சபையொன்று நிறுவப்படவேண்டும். காத்திருக்கும் நேரமும் எரிபொருட் செலவும் அதன் கணக்கிற் சேரவேண்டும். மூன்றாவது, விபத்து நட்டஈடும் சேமலாப நிதியும் இத்தொழிலாளர்க்கு விரிவாக்கப்படவேண்டும்.

விடுதி அறையிலிருந்து உணவு தருவித்து, விரல் நுனியால் நட்சத்திரப் புள்ளி வழங்கும் மாணவரும் விரிவுரையாளரும் இதில் வெறும் பார்வையாளரல்லர். கங்காணியின் வேலையை நிறுவனம் நம் கையிற் கூலியின்றி ஒப்படைத்திருக்கிறது. சட்டமும் பொருளியலும் பயிலும் நாம், புள்ளியிடுவதோடு நில்லாது, அவ்விளைஞர் சங்கம் அமைக்க முனையும்போது அவர்க்கு வேண்டிய சட்ட அறிவை வழங்கி உடன்நிற்றல் வேண்டும். பங்காளி என்றழைப்போர் பங்கைத் தரட்டும். தரமாட்டாரெனின் தொழிலாளி என்றழைத்து அவன் உரிமையைத் தரட்டும்.