கிணறு யாருடையது?

தோழர்களே,

பணியக்கணக்கு லயங்களுக்குக் கீழே உள்ள பழைய கிணறு 'தோட்டச் சொத்து' என்று நிர்வாகம் இப்போது சொல்கிறது. பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு விட்ட பிறகுதான் இந்த ஞானம் பிறந்தது. கிணற்றில் மோட்டர் வைத்து, குழாயை மேலே பங்களாவுக்கு இழுத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு மேல் நமது வாளியில் சேறுதான் வருகிறது.

போன மாரியில் கட்டுக்கல் சரிந்தபோது எழுதிக் கொடுத்தோமே, அப்போது அது யாருடைய சொத்து? "நீங்கள் பாவிக்கிற கிணறு, நீங்களே பாருங்கள்" என்றார்கள். பார்த்தோம். வீட்டுக்கு வீடு காசு சேர்த்துச் சீமெந்து வாங்கி, நாமே இறங்கிக் கட்டினோம்.

நமது முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தவர்கள். வழியில் நல்ல தண்ணீர் இல்லாமல் வாந்திபேதியில் செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அலவாங்கும் மம்பட்டியும் கொண்டு, மலை வேலை முடிந்த பின்னேரங்களில் இந்தக் கிணற்றை வெட்டினார்கள் என்று பாட்டிமார் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு நாள் பேர்கூட விழவில்லையாம். திருவிழாவுக்கு இன்றும் கரகம் பாலிப்பது இந்தக் கிணற்றடியில்தான்.

வெள்ளைக்காரக் கம்பனி போனது. 1975 இல் அரசாங்கம் எடுத்தது, ஜனவசம வந்தது. 1992 இல் தனியார் கம்பனி வந்தது. துரைமார் மாறினார்கள், ஒவ்வொரு முறையும் தூர் எடுத்தது நாம்தான். கம்பனியே அரச காணியின் குத்தகைக்காரர். குத்தகைக்காரர் கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஆனது எப்படி?

பிரதேச சபையும் நல்ல பிள்ளை இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். அந்தச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. பழைய பதில் மட்டும் இன்னும் திருந்தவில்லை.

"பங்களாவில் நாலு பொடியனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஏன் வம்பு?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். வேலையைக் கெடுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. உல்லாசப் பயணி குளிப்பதற்கு பங்களாக்காரர் தனியாகக் கிணறு வெட்டட்டும், தாங்கி கட்டட்டும். அந்த நாலு பொடியன்களின் அம்மாமாரும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அந்திக்கு இந்தச் சேற்றைத்தான் வடிகட்டுகிறார்கள். பாடசாலையில் இடாப்பைத் திறந்தால் முதலாம் பாடத்துக்குப் பிந்தி வருவோர் பெரும்பாலும் பணியக்கணக்குப் பிள்ளைகள். விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளை எட்டு மணிக்கு எப்படி வகுப்பில் இருக்கும்?

மோட்டரைக் கழற்ற வேண்டும். கிணற்றைப் பொதுக் கிணறாக ஏற்றுச் சபை பராமரிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மூன்றையும் எழுதிய கடிதம் தயாராக இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயிலடிக்கு வாருங்கள். ஆண்கள் மட்டும் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகிற கூட்டம் இல்லை இது. தண்ணீர் தூக்குகிற பெண்கள் முதலில் வைக்க வேண்டும். மம்பட்டி, வாளி, கயிறு இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கையெழுத்து முடிந்ததும் கிணற்றை இறைத்துத் தூர் எடுக்கிறோம்.