கடல் வரலாறு எந்தக் குரூப்?



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் கடந்து, செம்மேட்டில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்தில் பருவக்காற்றைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். அங்கிருந்து கிழக்குக் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கடலைக் கண்டிராத பிள்ளைகளுக்குக் கடற்காற்றை எப்படிச் சொல்வது? சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பொட்டலம் மிளகு வாங்கி வைத்துக்கொண்டேன்.

எகிப்தில், செங்கடல் ஓரம், பெரனிகே என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே 1999-இல் ஒரு கோயிலை அகழ்ந்தபோது இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏழரைக் கிலோ மிளகு! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழையது. பாலைவனத்து வறட்சியால் கெடாமல் இருந்தது. இதைச் சொன்னதும் பலத்த கைதட்டல். "நம்ம மலை மிளகுங்களா சார்?" என்றான் ஒரு சிறுவன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றேன். கைதட்டல் அடங்கிவிட்டது. பெருமைக்காக ஆதாரத்தை வளைப்பவர் வரலாற்றுக்கும் ஆகார், அறிவியலுக்கும் ஆகார். அதனால் அந்த ஏமாற்றத்தைப் போக்க நான் முயலவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "இதெல்லாம் படிக்கணும்னா எந்தக் குரூப் எடுக்கணும் சார்?"

விடை சொல்லத் திணறினேன். கணிதமும் இயற்பியலும் எடுத்தால் வரலாறு கிடையாது. வரலாறு எடுத்தால் இயற்பியல் கிடையாது. கடல் வரலாறோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கும் கடல்சார் தொல்லியலுக்கும் ஒரு துறையே உண்டு. ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழியைப் பதினைந்து வயதிலேயே நாம் இரண்டாகப் பிளந்துவிடுகிறோம்.

பிளந்தால் என்ன நட்டம்? ஒரு கணக்கைப் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, செங்கடலின் வாயிலில் உள்ள ஒகேலிசிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றில் 40 நாள் பயணம் என்று எழுதிவைத்தார். (நம் காவிரிக்கரை முசிறி அன்று, கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகம்.) தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். வகுத்தால் நாளுக்கு 87 கிலோமீட்டர் சொச்சம். மணிக்கு மூன்றரைக்குச் சற்று மேல். சந்தைக்கு விரைந்து நடப்பவர் இதைவிட வேகமாகப் போவார்! ஆனால் ஆடி மாதத்தில் நடு அரபிக்கடலில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை எளிதில் தொடும். பின்னாலிருந்து அவ்வளவு காற்று தள்ளும்போது கப்பல் ஏன் இப்படி ஊர்ந்தது?

வரலாறு மட்டும் படித்தவர் "40 நாள்" என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடும். என்னைப் போல இயற்பியல் மட்டும் படித்தவர், "பிளினி தவறு" என்று முடித்துவிடக்கூடும். அதுவும் அவசரமே. நூல்கள் கையால் படியெடுக்கப்பட்ட காலம் அது, எண்கள் பிழைபடும். வழியில் தங்கிய நாள்களும் அதில் சேர்ந்திருக்கலாம். புயலுக்கு அஞ்சிப் பாயைச் சுருக்கியும் ஓட்டியிருக்கலாம். இவற்றை எடைபோட இரண்டு படிப்பும் ஒரே மண்டைக்குள் இருக்கவேண்டும்.

என் நண்பரான வரலாற்றுப் பேராசிரியர் இதை ஒப்பமாட்டார். "தேவைப்பட்டால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறோம், தனிப் படிப்பு எதற்கு?" என்பார். கூப்பிடப்பட்டவன் கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்வான். கேட்கத் தோன்றாத கேள்விக்கு யார் பொறுப்பு?

இரண்டும் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன் ஒரு சான்று உண்டு. 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை ஏற்றுக்கொண்ட 'கௌண்டின்யா' என்னும் பாய்மரக் கப்பல், ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கட்டப்பட்டது. ஆணியால் அறையாமல், பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தார்கள். தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். ஓவியத்தில் கப்பலின் அழகு தெரியும். அலையில் அது கவிழுமா என்பது தெரியாது. பழைய வரைபடமும் கிடையாது. எனவே சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை, மாதிரி வைத்து நீரில் சோதித்தது. ஓவியம், கயிறு, மிதப்பு விதி மூன்றும் ஒரே கப்பலில் ஏறின.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. இயற்பியல் இளங்கலையில் கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்களாக இருக்கின்றன. விரும்பும் மாணவர் அங்கே ஒரு தாளையாவது கடல் வரலாற்றில் எழுதட்டும். வரலாற்று மாணவருக்கு மிதப்பும் காற்றும் பற்றி ஒரு தாள் இருக்கட்டும். பள்ளியில் குரூப்புகளை மாற்ற நாளாகும். இதற்கு ஓர் ஆண்டு போதும்.

செம்மேட்டு மாணவியிடம், "எந்தக் குரூப் எடுத்தாலும் மற்றதை விட்டுவிடாதே" என்றுதான் அன்று சொல்ல முடிந்தது. அவள் முகத்தில் திருப்தி இல்லை. கூட்டம் முடிந்ததும் கரும்பலகையில் இருந்த 3,500-ஐ மறுபடி 40-ஆல் வகுத்துப் பார்த்தாள். பிறகு 40-ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதி, இன்னொரு முறை வகுக்கத் தொடங்கினாள்.