ஊசி போட்டாச்சு! முட்டை வெடிச்சுதா?

சூலக்கரை வட்டாரத்தில் பிள்ளை வரம் தேடி ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. எச்.சி.ஜி. ஊசி போட்டதோடு வேலை முடிந்ததென்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்!

ஊசி போட்ட 36 முதல் 40 மணி நேரத்தில் முதிர்ந்த கருமுட்டை வெடித்து வெளிவர வேண்டும். சில பேருக்கு வெடிக்காமலே தங்கிவிடுவதும் உண்டு. பட்டாசு வெடித்தால் ஊருக்கே கேட்கும். இதற்குச் சத்தம் ஏது? வயிற்றுவலியை வைத்தும் சொல்ல முடியாது. முட்டை இருந்த பை சுருங்கிவிட்டதா என்று ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுக்கும் புரோஜெஸ்ட்ரோன் ரத்தப் பரிசோதனையும் துணைக்கு வரும்.

கடையில் கிட் வாங்கிச் சிறுநீரைச் சோதிப்பது வீண் செலவு. ஊசி மருந்தே அதில் கோடு காட்டிவிடும்! கர்ப்பம் பார்க்கும் கிட்டும் 10, 14 நாள் வரை பொய் சொல்லலாம். அதை நம்பித் தெருவுக்கே சேதி சொல்லிவிட்டு, பிறகு மாமியாரிடம் பேச்சு வாங்குவது மருமகள்தானே?

ஸ்கேனுக்குப் போனால் பட்டாசு ஆலையில் அன்றைய கூலி போச்சு. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே வரும் பெண்களுக்கு, முட்டை வெடித்ததா இல்லையா என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். புருஷனும் கூட வந்து கேட்டுக்கொள்ளட்டும்.